ரோஸ் கோட்டு நிலாக்காரன்

மச்சான் என் பார்லருக்குள் வந்ததே இல்லை. அக்காவை வாசலில் இறக்கிவிட்டு எதிர்த்த டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வார். பொம்பளைகள் வந்துபோகிற இடம், நமக்கென்ன வேலை என்பார். அப்படிப்பட்டவர் பங்குனி மாதம் ஒரு மத்தியானம் தனியாக வந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நின்றார். எனக்கு அப்போதே பொறி தட்டிவிட்டது.

"பாப்பா, திருவிழாவுக்கு நான் வேசம் கட்டணும். நேர்த்திக்கடன். நிலாக்காரன் வேசம். படத்துல பாத்தபடியே இருக்கணும், ஒரு நூல் மாறக் கூடாது" என்றார்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சின்னமனூரில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன், கூடவே கல்யாணப் பிளவுஸும் தைக்கிறேன். எனக்குச் சந்தேகம் கொஞ்சம் ஜாஸ்தி. பால்காரர் சிரித்துக்கொண்டே ஊற்றினால் பாலை விரலில் தொட்டுப் பார்ப்பேன். புருஷன் என்று ஒருவர் இருந்தார். திருப்பூரில் ஓவர்டைம் என்று சொல்லிக்கொண்டு அங்கே இன்னொரு குடும்பம் வைத்திருந்தார். அதை எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. அவர் ஊருக்குப் போட்டுக்கொண்டு வந்த சட்டையில் ஒரு பட்டனை யாரோ வேறு மாதிரி முடிச்சுப் போட்டுத் தைத்திருந்தார்கள். அதை வைத்தே கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகு கூடலூரில் இருக்கும் அக்காவும் மச்சானும்தான் எனக்கு எல்லாம். ஆனாலும் சந்தேகம் என்று வந்துவிட்டால் அவர்களும் மற்றவர்களும் எனக்கு ஒன்றுதான்.

எங்கள் பக்கத்தில் அம்மனுக்கு வேஷம் கட்டி வருகிறேன் என்று நேர்ந்துகொள்வது உண்டு. உடம்பெல்லாம் சேற்றைப் பூசிக்கொண்டு வருவார்கள், குறவன் குறத்தியாக வருவார்கள், புலியாக, போலீஸாக வருவார்கள். இப்போது சினிமா வேஷமும் சேர்ந்துவிட்டது. ஆனால் சின்ன விஷயத்துக்கு யாரும் வேஷம் நேர்வதில்லை. திராட்சைக்கு விலை கிடைக்கப் பொங்கல் வைப்பார்கள். பிள்ளைக்கு வேலை கிடைக்க முடி இறக்குவார்கள். வெட்கப்படுகிற ஆம்பளை ஒருவர் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு வீதியில் ஆடி வருகிறேன் என்று சொன்னால், அதன் பின்னால் ஒரு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். யார் உயிர்? எனக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

கேட்டேன். கடனை முடிக்கிறவரை வாயைத் திறக்கக் கூடாது என்றார். அப்படி ஒரு விதியை நான் கேள்விப்பட்டதே இல்லை. எங்கள் தெருவில் மைக் வைக்காத குறையாகத்தான் எல்லோரும் தங்கள் நேர்த்திக்கடனைச் சொல்லிக்கொண்டு திரிவார்கள். இவருக்கு மட்டும் என்ன ரகசியம்?

இன்னொன்றும் இடித்தது. மச்சானுக்குச் சினிமா பிடிக்காது. தியேட்டரில் உட்கார வைத்தால் பெயர் போடும்போதே தூங்கிவிடுவார். நிலாக்காரன் படத்தின்மேல் பைத்தியமாக இருப்பது நான். வெளியூர்களில் அந்தப் படம் வந்த வேகத்தில் பெட்டிக்குள் போய்விட்டது. பாட்டுக் கேட்பதற்காக நிலாவிலிருந்து ஒருத்தன் இறங்கி வருவான். நிலாவில் பேச்சே கிடையாது என்பதால், தண்ணீர் வேண்டுமென்றாலும் பாடித்தான் கேட்பான். கதை அவ்வளவுதான். ஊரெல்லாம் கைகொட்டிச் சிரித்த அந்தப் படம் ஏனோ கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் ஒட்டிக்கொண்டது. கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் அதன் பாட்டு ஒன்றாவது வரும். கல்லூரிப் பையன்கள் அவனைப் போல ஜிகினா சுற்றிக்கொண்டு ரீல்ஸ் போடுகிறார்கள். அவர்கள் தவறாக வரையும் புருவத்தைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் புருவம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது, நெற்றி நடுவில் இருக்கும். அதுகூடத் தெரியாமல் என்ன ரசிகர்கள்?

ஆக, வேலை எனக்குப் பிடித்த வேலை. வேலையைக் கொண்டுவந்த ஆள்தான் சரியில்லை. சரி என்றேன். அளவு எடுக்கும் சாக்கில் உண்மையையும் கறந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

டேப்பை இடுப்பில் சுற்றியதும் எனக்குத் திக்கென்றது. முன்பு ஒரு பொங்கலுக்கு அவருக்குச் சட்டை தைத்த அளவு எனக்கு நினைவிருந்தது. ஆள் நன்றாக இளைத்திருந்தார். "என்ன மச்சான், ஒட்டிப் போயிட்டீக?" என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். தினம் நடக்கிறேன், டாக்டர் சொன்னார் என்றார். எந்த டாக்டர் என்றேன். அவர் கண்ணாடியில் தன் மீசையைத் தடவிப் பார்த்தார். பிறகு, மதுரைக்கு உன்னை செக்கப் கூட்டிக்கொண்டு போகும்போது உன் டாக்டர்தான் எனக்கும் சேர்த்துச் சொன்னார் என்றார்.

மதுரைக்கு எனக்காகத்தான் போய்வருகிறோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கழுத்தில் தைராய்டு கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள். ஆயுசுக்கும் மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப். ஒவ்வொரு தடவையும் மச்சான்தான் கூட வருவார். எனக்கு முன்னால் தான் மட்டும் உள்ளே போய் டாக்டரிடம் பேசிவிட்டு வருவார். ஆம்பளைத் துணையைத்தான் இவர்கள் மதிப்பார்கள் என்று நான் அதற்குக் கோபப்பட்டிருக்கிறேன். இப்போது வேறு மாதிரித் தோன்றியது. என் சாக்கில் இவர் தன் உடம்பைக் காட்டி வருகிறார். திராட்சைக்கு மருந்து அடித்து அடித்து நெஞ்சு கெட்டிருக்கும். அக்காவின் தாலி ஆடிக்கொண்டிருக்கிறது, எனக்கு மட்டும் சொல்லாமல் மறைக்கிறார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கூடலூர் போனேன். அக்காவிடம் நேராகக் கேட்டால் வராது என்று தெரியும். மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து செதில் உரசிக்கொண்டே, மச்சான் எதுக்கு நேர்ந்திருக்கிறார் என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? அவுக கோயில்ல ஆத்தாகிட்டப் பேசுனத எங்கிட்டயா சொல்லுவாக?" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பிடும்போது மீன் தலையை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

அந்தத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அக்கா எனக்கு மீன் தலை கொடுத்ததே கிடையாது. சின்ன வயதில் அந்தத் தலைக்காக ஒருவர் மயிரை ஒருவர் பிடித்து இழுத்திருக்கிறோம். யோசித்துப் பார்த்தால் கொஞ்ச நாளாகவே அவள் என்னிடம் சண்டை போடுவதில்லை. நான் எரிந்து விழுந்தாலும் சிரிக்கிறாள். தன் பச்சைப் பட்டை நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டாள். புருஷன் போய்விட்டால் தங்கச்சியை நம்பித்தானே இருக்க வேண்டும், அதற்கு இப்போதே என்னைத் தாஜா பண்ணுகிறாள் என்று முடிவுகட்டினேன். திரும்பும்போது கூடலூர் மெடிக்கல் ஷாப்பில் தலைவலி மாத்திரை வாங்கி, எங்கள் மச்சான் என்னென்ன மாத்திரை வாங்குகிறார் என்று தூண்டில் போட்டுப் பார்த்தேன். கேஸ் மாத்திரை தவிர ஒன்றும் இல்லை என்றார் கடைக்காரர். அவரையும் நான் நம்பவில்லை.

இதற்கு நடுவில் கோட்டைத் தைத்துக்கொண்டிருந்தேன். படம் இவ்வளவு காலமும் டிவியில் பிடித்த மங்கலான வீடியோவாகத்தான் கிடைத்தது. சேனலின் முத்திரை எப்போதும் நிலாக்காரனின் வலது தோளை மறைத்துக்கொண்டு நிற்கும். இப்போது யாரோ சுத்தமான பிரதியை இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். செல்போனில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கழுத்துப்பட்டை காதைத் தொடும் உயரத்தில் நிற்கிறது. அதற்கு உள்ளே பக்ரம் என்கிற விறைப்புத் துணி கொடுத்தால் போதாது, எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டி வைத்தால்தான் தலையைத் திருப்பும்போது மடங்காது. முத்திரை மறைத்திருந்த வலது தோளில் ஒரு சின்ன மணி தொங்குவதை முதன்முதலாகப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தில் சந்தேகம்கூடக் கொஞ்ச நேரம் மறந்துபோனது. வெள்ளி டிஷ்யூ துணி வாங்கி, லைனிங் போட்டு, மணியும் கோத்து, படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு நூல் மாறவில்லை.

மச்சான் வந்தார். கோட்டைத் தூக்கிக் காட்டினேன்.

"இது இல்லையே பாப்பா. ரோஸ்ல வேணும்" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. போனை எடுத்து ஓட விட்டேன். வெள்ளிக் கோட்டு, வெள்ளி முகம், வெள்ளி விரல்கள். பார்த்தார். இருக்கட்டும், எனக்கு ரோஸ்தான் வேண்டும், முகமும் ரோஸாக இருக்க வேண்டும், பல்லுகூட லேசாக ரோஸ் அடிக்க வேண்டும் என்றார். ஊர் சிரிக்கும் மச்சான், இந்தப் பள்ளத்தாக்கில் பச்சைப் பிள்ளைக்குக்கூட நிலாக்காரன் வெள்ளி என்று தெரியும் என்றேன். "நேந்தது ரோஸ். வெள்ளியில போனா அது கடன் முடிச்சதா ஆகாது" என்றார். சொல்லிவிட்டு விருட்டென்று போய்விட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. ஒரு நூல் மாறக் கூடாது என்று சொன்னதும் இவர்தான், படத்திலேயே இல்லாத நிறத்தைக் கேட்பதும் இவர்தான். மூளைக்கு ஏதாவது ஏறிவிட்டதா? மருந்து அடிக்கிறவர்களுக்குக் கண்ணில் நிறம் மாறித் தெரியும் என்று எங்கோ படித்த நினைவு வந்தது. போய் ஒரு சிவப்புப் பையைக் காட்டி இது என்ன நிறம் என்று கேட்டுவிட்டுக்கூட வந்தேன். சரியாகத்தான் சொன்னார்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். ரோஸிலும் ஒன்று தைப்பது. முகத்திலும் பூசுவது. சுத்தமான பிரதியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்து இரண்டையும் ஒன்றாகக் காட்டுவது. எவ்வளவு கோமாளித்தனம் என்று அவரே பார்த்து வாயைத் திறக்கட்டும்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் பார்லர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். புருவத்தை மறைப்பதற்குப் பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் பசைக்குச்சிதான் நல்லது. முடியோடு அழுத்தித் தேய்த்து, காயவைத்து, மேலே பவுடரும் பேஸும் பூசினால் புருவம் இருந்த இடமே தெரியாது. நெற்றி நடுவில் வில்லாகப் புதுப் புருவம் வரைந்தேன். கீழுதட்டுக்கு அடியில் மூன்று பொட்டு. எல்லாம் திரையில் உள்ளபடி. பிறகு நாடகக்காரர்கள் பூசுகிற முத்துவெள்ளையில் ரோஸைக் குழைத்து முகம், காது, கழுத்து என்று பூசினேன். கோட்டை மாட்டிவிட்டு, காட்டலாம் என்று நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன்.

திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டேன். கண்ணாடியில் இருந்தது கோமாளி இல்லை. அந்த ஆளை எனக்குத் தெரியும்.

ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சை விடுமுறை. அக்காவுக்குக் கல்யாணமாகி, மசக்கையில் வாந்தியாக எடுத்துக்கொண்டு கிடந்தாள். துணைக்கு என்று என்னைக் கூடலூருக்கு அனுப்பியிருந்தார்கள். நான் சலித்துப்போய் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தேன் என்று புது மாப்பிள்ளையான மச்சான் என்னை மட்டும் தியேட்டருக்குக் கூட்டிப்போனார். பழைய படம், மறுபடி ஓட்டினார்கள். பிலிம் கெட்டு மொத்தப் படமும் ரோஸாக ஓடியது. வானம் ரோஸ், பசுமாடு ரோஸ், நிலாக்காரன் கோட்டும் முகமும் பல்லும் ரோஸ். ஆபரேட்டரைத் திட்டி விசில் அடித்தார்கள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மச்சானும் தூங்கவில்லை. பிற்பாடு டிவியில் வெள்ளியாகவே திரும்பத் திரும்பப் பார்த்ததில் அந்த ரோஸ் எனக்கு அடியோடு மறந்துபோயிருந்தது. அவர் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவருக்கு நிலாக்காரன் என்றால் அது மட்டும்தான்.

அக்கா அந்தப் படத்தை ரோஸாகப் பார்க்கவில்லை. அவள் பிள்ளைகள் அப்போது பிறக்கவே இல்லை. அந்தக் குடும்பத்தில் நிலாக்காரன் ரோஸாக வர வேண்டும் என்றால் அது ஒரே ஒரு ஆளுக்காகத்தான் இருக்க முடியும்.

"இது எனக்கா நேந்தீக?" என்றேன்.

சாயம் காயவில்லை, வாயை அசைக்காதீர்கள் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். அவர் அசைக்காமல் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. துடைத்தால் கலைந்துவிடும் என்று கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்.

"ஆபரேசன் முடிச்சு உன்னய வெளிய தள்ளிட்டு வந்தாக. மயக்கத்துல நீ, ரோஸ் கோட்டுக்காரன் எங்க, அவன வரச் சொல்லுன்னு அழுத. நான் அங்கனயே நின்னு கேட்டேன். இவளத் தந்துரு ஆத்தா, அந்த ஆளா நானே வாறேன்னு."

"வெறும் தைராய்டு கட்டிக்கா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னால் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தபோதே அது புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்களாம். இவளிடம் சொன்னால் இவள் பயத்திலேயே போய்விடுவாள் என்று மச்சானும் அக்காவும் பேசி முடிவெடுத்து, டாக்டரையும் கூட்டுச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு வருஷம் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த மாசியோடு இரண்டு வருஷம் முடிந்து, ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் மச்சான் என் பார்லர் கதவைத் தள்ளியிருக்கிறார்.

பட்டன் முடிச்சில் புருஷனைப் பிடித்தவள் நான். என் கழுத்தில் என்ன இருந்தது என்பதில் கோட்டை விட்டிருக்கிறேன். அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. என் சாவை வைத்து எனக்குத் தெரியாமல் ஒரு வீடே பேசிக்கொண்டிருந்திருக்கிறது. மீன் தலை, பச்சைப் பட்டு எல்லாம் எதற்கு என்று இப்போது விளங்கியது. ஷட்டரைத் தூக்கிவிட்டு அவரைப் போகச் சொன்னேன். முகத்தில் சாயத்தோடு எப்படிப் போவது என்று கேட்டார். தேங்காய் எண்ணெயும் பஞ்சும் எடுத்து மேசையில் வைத்தேன்.

அன்று சாயங்காலமே அக்கா வந்தாள். அழுதாள். இப்போது எதுவும் இல்லை, ஆத்தா காப்பாற்றிவிட்டாள் என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். எப்படி நம்புவது? இரண்டு வருஷமாக இதே வாயால்தானே வெறும் தைராய்டு என்றாள். மருத்துவ ஃபைலைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். கடைசித் தாளில் ஒன்றும் இல்லை என்றுதான் எழுதியிருந்தது. எந்தத் தாளை உருவிவிட்டு எந்தத் தாளை வைத்திருக்கிறார்களோ என்று தோன்றியது. டாக்டருக்குப் போன் போட்டேன், அவரும் அதையே சொன்னார். அவரும் கூட்டுதானே. நான் சாகப்போகிறேன் என்பதற்காகத்தான் அவசரமாக நேர்த்திக்கடனைக் கழிக்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை.

திருவிழா அன்று காலையில் கூடலூர் போய் நானேதான் மேக்கப் போட்டேன். அவரோடு பேசவில்லை. வேர்வையில் இறங்காமல் இருக்கப் பவுடரை அழுத்தி அழுத்தி ஒற்றினேன். பல்லில் ரோஸ் தடவினேன். மணியைத் தோளில் சரிபார்த்தேன். தெருவில் மேளத்தோடு கிளம்பியதும் சிரிப்பு ஆரம்பித்தது. ரீல்ஸ் போடுகிற பையன்கள் போனைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார்கள். நிலாக்காரன் வெள்ளியால்ல இருப்பான், இது யாரு தச்சது, எல்லாமே தப்பு என்றான் ஒருவன். வேறு நாளாக இருந்தால் அவனை வெளுத்து வாங்கியிருப்பேன். அன்றைக்கு எனக்கு அதற்கு நேரமில்லை. நான் மச்சானின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

வேஷம் கட்டி வருகிறவர்களைக் கோயில் வாசலில் பூசாரி மறித்து நிறுத்துவார். யாருக்கு நேர்ந்தது, நேர்ந்தது நடந்ததா என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்பார். நடந்தது என்றால்தான் தீர்த்தம் தெளித்து வேஷத்தைக் கலைக்கச் சொல்வார். நடக்காததை நடந்ததாகச் சொன்னால் யாருக்காக நேர்ந்ததோ அவர்களையே அது அடிக்கும் என்பது எங்கள் ஊர்ப் பயம். மச்சான் என்னிடம் பொய் சொல்வார், டாக்டரைச் சொல்ல வைப்பார். அந்த வாசலில் நின்று, அதுவும் என் தலைமேல் விழும் என்று தெரிந்து பொய் சொல்வாரா? அதைக் கேட்கத்தான் நான் வந்திருந்தேன். கூட்டத்தை முழங்கையால் தள்ளிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். முகத்தைப் பார்த்துப் பிரயோசனம் இல்லை, அது நான் வரைந்த முகம். குரலைத்தான் கேட்க வேண்டும்.

யாருக்கு என்று பூசாரி கேட்டார். மச்சான் என்னைக் கைகாட்டி, என் கொழுந்தியாளுக்கு என்றார். நேர்ந்தது நடந்துச்சா என்றார் பூசாரி.

"நடந்துருச்சு சாமி" என்றார் மச்சான்.

குரல் பிசகவில்லை. மேளச் சத்தத்தில் பூசாரிக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. காதில் கையை வைத்து இன்னொரு தடவை கேட்டார். மச்சான் வாசல் அதிரக் கத்தினார்.

"இவ பொழச்சுட்டா சாமி."

பூசாரி தீர்த்தத்தை அவர்மேல் தெளித்தார், என்மேலும் கொஞ்சம் விழுந்தது. நான் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்கு வந்தது என்ன என்று தெரிந்த பிறகு, நான் பிழைத்துவிட்டேன் என்பதை அப்போதுதான் நம்பினேன்.